சகலை செய்த வேற்றுக்கிரகவாசி

தெருவில் அவருக்கு 'சிரிக்காதீங்க' என்று பெயர். பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் வேலை விண்ணப்பத்துக்கும் முகம் எடுத்துக் கொடுக்கிற ஸ்டூடியோ அவருடையது. உள்ளே போனால் ஒரு முக்காலி, பின்னால் வெள்ளைத் துணி, இரண்டு பக்கமும் குடை விளக்கு, சுவரில் ஒரு கண்ணாடி. அதன் கீழே ஒரு சீப்பு. அது எத்தனை தலை பார்த்தது என்று யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. "நிமிர்ந்து உக்காருங்க. ரெண்டு காதும் தெரியணும். தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. சிரிக்காதீங்க." ஊரில் பாதிப் பேர் வெளிநாட்டு அதிகாரிகளுக்குத் துக்க வீட்டிலிருந்து நேரே வந்தவர்களைப் போலத் தெரிவதற்கு இந்த மனிதர்தான் காரணம். புதிதாகக் கல்யாணமானவர்கள் கை கோர்த்துக்கொண்டு வருவார்கள். ஐந்தே நிமிடத்தில் பத்து வருடம் குடித்தனம் நடத்திய முகத்தோடு அனுப்பி வைப்பார்.

தொழிலில் குறை சொல்ல முடியாது. தங்கமான மனிதர், கைராசிக்காரர், வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பவர். ஒரே ஒரு விஷயம், பொறாமை. அது அவருக்குக் குணம்கூட இல்லை, உடல்வாகு. சிலருக்கு வாயு, சிலருக்குச் சளி, இவருக்கு இது. எதிர்ச் சலூன்காரரிடமிருந்து வெளியே வருகிறவர்கள் கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரித்தபடி போகிறார்களே என்று ஒரு மழைக்காலம் முழுவதும் வயிறு எரிந்தார். பக்கத்து ஜூஸ் கடைக்குப் புது விளக்கு வந்தபோது இரண்டு நாள் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. இதெல்லாம் வரும், போகும். வராமலும் போகாமலும் நடுக்கூடத்தில் நிரந்தரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பொறாமை ஒன்று உண்டு. அது சகலை மீது.

சகலை என்றால் மனைவியின் தங்கை கணவர். இந்த உறவை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது, நிச்சயம் நிம்மதியாகத் தூங்குகிற ஆசாமியாக இருக்க முடியாது. அண்ணன் தம்பி என்றால் சொத்துக்குச் சண்டை போட்டு ஆற்றிக்கொள்ளலாம். நண்பன் என்றால் போடா என்று விட்டுவிடலாம். சகலையை என்ன செய்வது? ஒரே மாமியார் கையால் இரண்டு தட்டில் பரிமாறப்பட்டவர்கள். பக்கத்துத் தட்டைப் பார்க்காமல் ஒரு வாய் இறங்காது.

அந்த ஆள் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! நல்லவர். ஒரு கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற வேலை. நல்ல உயரம். மாமியார் போனில் எழுத்து சிறிதாகிவிட்டால் பெரிதாக்கித் தருவார். குடும்பமாக வெளியே போனால் எல்லோருடைய பையையும் தானே தூக்கிக்கொள்வார். ஸ்டூடியோக்காரரைப் பார்த்தால் "வாங்கண்ணே" என்று எழுந்து இடம் கொடுப்பார். அந்த இடத்தில் உட்காரும்போது ஸ்டூடியோக்காரருக்கு முள் மேல் உட்காருவது போலவே இருக்கும். சூடு வேறு ஆறியிருக்காது.

இனி மனைவி. தண்ணீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் வேலை. காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கும்வரை அடுத்தவர் வாய்தான். குழாயில் வரவில்லை, குழாயில் நிற்கவில்லை, வந்தது தண்ணீரா என்றே தெரியவில்லை. வீட்டுக்கு வந்தால் வீட்டில் ஒரு வாய் காத்திருக்கும். "இன்னைக்கு என்னாச்சு தெரியுமா" என்று ஸ்டூடியோக்காரர் தொடங்குவார். அவளும் ஏதாவது சொல்லத் தொடங்கினால் பாதியில் வெட்டி, "அதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன்" என்பார். எப்போது சொன்னார் என்பது அவருக்கும் தெரியாது.

அப்படிப்பட்ட நாட்களில் ஒன்றில், பேருந்தில் வரும்போது, அவள் போனில் ஒரு கதை எழுத ஆரம்பித்தாள். வேறொரு கிரகத்திலிருந்து ஒருவன் வந்து ஒரு பெண்ணின் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறான். நான்கு கை. மூன்று கண். மூன்றாவது கண் யாராவது பேசினால் மட்டும் திறக்கும். வாய் கிடையாது. அவள் பேசப் பேச அவன் கேட்பான். கேட்கக் கேட்க அவன் தோல் நீலத்திலிருந்து மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாகும். பேச்சு முடிந்ததும் எழுந்து போய் அவள் டீ குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைப்பான். கதைக்குப் பெயர் 'விருந்தாளி'. இணையத்தில் வாரம் ஓர் அத்தியாயம் போட்டாள். படிக்கிறவர்கள் சேர்ந்தார்கள், முக்கால்வாசிப் பேர் பெண்கள். 'இந்த விருந்தாளி எந்தக் கிரகம்? விலாசம் கிடைக்குமா?' என்று கீழே எழுதினார்கள்.

ஸ்டூடியோக்காரரும் படித்தார். மனைவி எழுதியது என்கிற பெருமையில்தான் ஆரம்பித்தார். ஏழாவது அத்தியாயத்தில் ஒரு வரி வந்தது: 'இவனிடம் எதைச் சொன்னாலும், அதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன் என்று சொல்ல மாட்டான். சொல்ல வாய் இல்லை.' போனைக் கவிழ்த்து வைத்தார். அன்று ராத்திரி தன் டம்ளரைத் தானே கழுவினார். சத்தமாகக் கழுவினார். வீட்டில் ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இப்படியாக, இல்லாத ஓர் ஆள் மீதும் அவருக்குப் பொறாமை வந்து சேர்ந்தது. இரண்டு பொறாமைகளும் தனித்தனிப் பாதையில் போய்க்கொண்டிருந்தன. ஒரு சின்னப் பதிப்பகம் குறுக்கே வந்து இரண்டையும் முட்ட விட்டது. 'கதையைப் புத்தகமாகப் போடுகிறோம். ஓவியருக்கு எங்களிடம் வழியில்லை. விருந்தாளி படத்தை நீங்களே அட்டைக்குக் கொண்டுவாருங்கள். இப்போதுதான் ஏ.ஐ. இலவசமாக வரைகிறதே' என்று சொல்லியிருந்தார்கள்.

சாப்பாட்டு மேசையில் மனைவி விஷயத்தைச் சொன்னாள்.

"அட்டைப் படத்தைத் தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருக்கேங்க. ஞாயித்துக்கிழமை அம்மா வீட்டுக்குக் கொண்டு வரேன்னாரு."

"எதை?"

"விருந்தாளி படத்தை. அவருக்குத்தான் இந்த ஏ.ஐ. எல்லாம் அத்துப்படியாச்சே."

"ஓ."

"என்ன ஓ?"

"ஒண்ணுமில்ல. இந்த வீட்ல ஒரு போட்டோகிராபர் இருக்கானேன்னு திடீர்னு ஞாபகம் வந்துச்சு. வேற ஒண்ணுமில்ல."

"ஐயோ, நீங்க மனுஷங்களை எடுக்கறவர்ங்க."

"மனுஷனை எடுக்கறவனுக்கு மத்தது வராதாக்கும்?"

"சிரிக்காதேன்னு சொல்றதுக்கு எதிராளிக்கு ஒரு வாய் வேணுமே" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு முகத்தை உண்டாக்க வேண்டும் என்று நினைத்தவுடன் தன் மனைவிக்கு ஞாபகம் வந்தது வேறொருவன் முகம்! அந்த இடத்திலேயே முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் தன் கையால் ஒரு விருந்தாளி தயாராக வேண்டும். மாமியார் வீட்டுக் கூடத்தில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "உங்களோடதுதாங்க" என்று அவள் வாயால் சொல்ல வேண்டும். அது போதும். அதற்குமேல் உலகத்தில் அவருக்கு ஒன்றும் வேண்டியதில்லை.

மறுநாள் மதியம், கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேலையைத் தொடங்கினார். இலவசமாகப் படம் வரைகிற தளங்கள் என்று தேடியதில் மழைக்குப் பிந்திய ஈசல் மாதிரி வந்து விழுந்தன. நாலைப் பொறுக்கினார். ஒப்பிடுவதற்கு அவர் வைத்த முறை ஸ்டூடியோ முறை: முக்காலி ஒன்று, விளக்கு ஒன்று, உட்காருகிற முகம் மட்டும் வேறு. அதாவது ஒரே வாக்கியத்தை நாலு தளத்திலும் போட்டார். மூன்று கண், நான்கு கை, நீலத் தோல், சமையலறை நாற்காலி, வாய் வேண்டாம். இரண்டே நாளில் நாலுக்கும் பட்டப்பெயர் வந்துவிட்டது.

முதலாவது 'சம்பந்தி'. உள்ளே விடுவதற்குமுன் பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல், தொலைபேசி எண், நீ மனிதன்தானா என்று ஒரு கேள்வி, எல்லாம் விசாரித்தது. விசாரணை முடிந்ததும் மூச்சு விடுவதற்குள் நாலு படம். நாலும் மன்மதன்கள். தாடையால் தேங்காய் உடைக்கலாம். வயதானவன் என்று போட்டார், காதோரம் மட்டும் நரைத்த மன்மதன் வந்தான். அவலட்சணமாக என்று போட்டார், புருவத்தில் ஒரு தழும்போடு முன்னைவிட அழகாக வந்தான். அதைப் பார்த்து அவருக்கு எரிந்தது. அழகில்லாமல் இருக்க இந்தப் பயலுக்கு முயன்றாலும் முடியவில்லை, நமக்கு முயலவே வேண்டியிருக்கவில்லையே!

இரண்டாவது 'கஞ்சன்'. படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சூடு பிடிக்கும் நேரத்தில் 'இன்றைய அளவு முடிந்தது, நாளை வாருங்கள்' என்று கதவைச் சாத்திவிடும். மூன்றாவது 'சந்தேகப் பிராணி'. 'உடம்பில் துணி இல்லை, வெறும் தோல்' என்று பாவம், கதையில் உள்ளபடியேதான் தட்டினார். 'உங்கள் கோரிக்கை எங்கள் நெறிமுறைகளுக்கு ஏற்றதல்ல' என்று சிவப்பில் வந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து ஷட்டருக்குக் கீழே ஓர் அம்மா குனிந்து, "பாஸ்போர்ட் சைஸ் எடுக்கலாங்களா?" என்று கேட்க, அவர் திரையை அணைத்த வேகத்தில் மவுஸ் கீழே விழுந்தது. அந்த அம்மா படமே வேண்டாமென்று போய்விட்டார். நாலாவது 'முத்திரை'. எந்தப் படம் வரைந்தாலும் தன் பெயரைக் குறுக்கே எழுதிக்கொள்ளும். நாலு கையில் ஒன்றில் ஏழு விரல், ஒன்றில் மூன்று. கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரி.

நாலுக்கும் பொதுவாக ஒரு வியாதி இருந்தது. அது வாய்.

வாய் வேண்டாம் என்று போட்டால் நாலும் வாய் போட்டன. வாயே வேண்டாம் என்று போட்டார், முத்திரை இரண்டு வாய் போட்டது. தயவுசெய்து வாய் வேண்டாம் என்று கெஞ்சினார். சம்பந்தி அனுப்பிய ஆசாமி முப்பத்திரண்டு பல்லையும் காட்டிச் சிரித்தான். ஊரையே சிரிக்காதே என்று அடக்கி வைத்திருந்த மனிதருக்கு முன்னால், அவர் கடைக்குள்ளேயே வந்து! வேண்டாம் என்று சொல்லச் சொல்ல நீளுகிற வாயை அவர் வாழ்க்கையில் ஒரே ஓர் இடத்தில்தான் பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் போக வேண்டும்.

இதற்கு நடுவில் இன்னொரு நோய். நல்ல படம் ஒன்று வந்தால் சந்தோஷம் வருவதற்கு முன்னால், 'அவன் இதைவிட நல்லதாக எடுத்திருப்பானோ?' என்பது வந்துவிடும். சகலைக்கு ஒரு போன் போட்டு நாலு நல்ல யோசனை கேட்டிருக்கலாம். அந்த ஆள் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடியே வந்திருப்பார். அந்த நினைப்பே அவருக்குக் கசந்தது. அடுத்தவன் ஏணியில் ஏறுவதைவிடக் கீழேயே நிற்பது மேல்.

சனிக்கிழமை கடைசி முயற்சியாக, தனக்குத் தெரிந்த பாஷையில் கஞ்சனிடம் பேசிப் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், பின்னணி வெள்ளை, தாடை சற்று இறங்கி, உதடு இறுக மூடி. வந்தது. மூன்று கண்ணும் நேராகப் பார்த்தன. தோள் தராசுபோல் நின்றது. உதடு தையல் போட்டதுபோல் மூடியிருந்தது. மூடின வாய், இல்லாத வாய்க்குச் சமம் என்று வாதாடலாம். பரம திருப்தி. அச்செடுத்து உறையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் எல்லோரும் டீயும் கையுமாக உட்கார்ந்த பிறகு, சகலை தன் போனைத் தொலைக்காட்சியோடு இணைத்தார். சுவர் அகலத்துக்கு விருந்தாளி வந்தான்.

நீலம் என்றால் விளக்கு வைக்கும் நேரத்து ஏரியின் நீலம், ஓரங்களில் சாம்பல் ஏறத் தொடங்கியிருந்தது. இரண்டு கை மடியில், ஒரு கை மேசையில், ஒரு கை எதிரே இருக்கிற யாருக்கோ நாற்காலியை இழுத்துவிடுகிற மாதிரி. மூன்றாவது கண் பாதி திறந்திருந்தது, தன் பெயரைக் கேட்டுத் தூக்கம் கலைகிறவனைப் போல. மனைவி மூச்சை உள்ளே இழுத்தாள். அந்த மூச்சு ஸ்டூடியோக்காரருக்குக் கேட்டது. கல்யாணமான புதிதில் இருட்டறையில் ரசாயனத் தட்டுக்குள் அவள் முகம் தாளில் மெல்ல எழும்பி வந்ததைக் காட்டினாரே, அன்றைக்கு அப்படி ஒரு மூச்சு இழுத்தாள். அதற்கப்புறம் இன்றைக்குத்தான். அதுவும் அடுத்தவன் படத்துக்கு.

"ஒண்ணே ஒண்ணுதான்க்கா" என்றார் சகலை, தலையைச் சொறிந்துகொண்டே. "எத்தனை ஏ.ஐ. மாத்திப் பாத்தாலும் வாய் மட்டும் போகமாட்டேங்குது. சின்னதாக்கிட்டேன். அவ்வளவுதான் முடிஞ்சது."

உண்மைதான். மூக்குக்குக் கீழே மாதுளை முத்து அளவுக்கு ஒரு வாய் இருந்தது. ஸ்டூடியோக்காரருக்கு உயிர் வந்தது. தொண்டையைச் செருமினார்.

"நானும் சும்மா, பொழுது போகலைன்னு, ஒண்ணு பண்ணிப் பாத்தேன்" என்று உறையைப் பிரித்தார்.

படம் கை மாறி மாறிப் போயிற்று. முதலில் பேசியது மாமியார்தான்.

"யாரு மாப்ள இது? விசா கிடைச்சிருச்சா இவருக்கு?"

"அம்மா, சும்மா இரு" என்ற கொழுந்தியாள் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாமா, கோச்சுக்காதீங்க. நாங்க முன்னாடி இருந்த வீட்டு ஓனர் மாதிரியே இருக்காரு. வாடகை கேட்டு வந்து நிப்பாரே, அதே மொறைப்பு" என்றாள்.

"அவருக்கு ஏதுடி மூணு கண்ணு?"

"ரெண்டை வெச்சுக்கிட்டே மூணு கண்ணு பார்வை பாப்பாரும்மா."

சகலை மட்டும், "இல்லண்ணே, லைட்டிங் பிரமாதம்" என்றார். அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. அனுதாபத்தைவிடக் கூர்மையான கத்தி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

மனைவி படத்தை வெகுநேரம் பார்த்தாள். கடைசியில் அவள் சொன்னாள்: "ரெண்டு காதும் நல்லாத் தெரியுதுங்க."

அவ்வளவுதான். தீர்ப்பு முடிந்தது. படம் டீத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது. மாமியார் அதன் மேல் பிஸ்கட் தட்டை வைத்தார், வேண்டுமென்று இல்லை, இடம் இல்லாததால். மனைவி மறுபடி சுவரைப் பார்த்தாள். திரும்பி, ரொம்பச் சாதாரணமாக, "என்னங்க, கல்யாண ஆல்பத்துல மரு, தழும்பு எல்லாம் எடுப்பீங்களே. அந்த மாதிரி இவரு படத்துல அந்த வாயை மட்டும் எடுத்துத் தரீங்களா?" என்று கேட்டாள்.

ஸ்டூடியோக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாரம் பூராவும் நாலு மெஷின் காலில் விழுந்து வாய் வேண்டாம், வாய் வேண்டாம் என்று கதறினாரே! டீ ஆறுவதற்குள் தன் கையாலேயே துடைத்தெறிந்திருக்கலாம். கன்னத்திலிருந்து கொஞ்சம் தோல் எடுத்து வாய்மேல் போட்டு நீவிவிடுவது, அவருக்குத் தூக்கத்திலும் வரும் வேலை. சகலையின் ஆட்டத்தைச் சகலையின் மட்டையாலேயே ஆடி ஜெயிக்க வேண்டுமென்கிற வெறியில், தனக்கு ஒரு தொழில் இருப்பதே மறந்துபோயிருக்கிறது. வயிறு எரியும்போது முதலில் வேகுவது மூளை. இப்போது ஞாபகம் வந்து என்ன? வந்தது அடுத்தவன் வீட்டு விளக்குக்குத் திரி போட.

"அண்ணே, உங்களால மட்டும்தான் முடியும்" என்றார் சகலை, மனசார.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "தாராளமா" என்று வந்தது.

திங்கட்கிழமை மதியம் சகலையின் விருந்தாளியைத் திரையில் திறந்தார். முதலில் அவர் மனதில் ஓடியது எதுவும் எழுதத் தகுந்ததல்ல. எழுதினாலும் தப்பில்லை, உங்கள் மனதிலும் ஓடியிருக்கும். மூன்றாவது கண்ணை ஒரு நூல் கோணலாக்கினால் யாருக்குத் தெரியும்? நெற்றியில் ஒரு பரு வைத்தால்? பெரிதாக்கிக் குற்றம் தேடினார். விரல்களை எண்ணினார், சரியாக இருந்தன. கண்ணுக்குள் விளக்கொளி எங்கிருந்து விழுகிறது என்று பார்த்தார், அதுவும் சரியான திசையில் விழுந்திருந்தது. பாவி, நன்றாகத்தான் செய்திருக்கிறான். குறை இருந்து வருகிற பொறாமையை வாழ்க்கை முழுவதும் சமாளித்துவிடலாம். குறையே இல்லாததைப் பார்த்து வருகிறதே, அதற்கு மருந்தில்லை.

வாயை எடுத்தார். பக்கத்துத் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து மூடி, நிறத்தை நீவி, மேலே தோலின் மெல்லிய சொரசொரப்பைத் தூவினார். சற்றுத் தள்ளி உட்கார்ந்து பார்த்தார்.

அவன் அவரைப் பார்த்தான்.

வாய் போனதும் முகமே மாறிவிட்டது. இனி இவன் எதுவும் சொல்லப்போவதில்லை என்பது தெரிந்தவுடன் அறையே கொஞ்சம் பெரிதானதுபோல் இருந்தது. பாதி திறந்த கண் மீதியையும் திறக்கக் காத்திருந்தது. ஸ்டூடியோக்காரர் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே பேச ஆரம்பித்தார்.

"அந்தாளு நல்லவன்தான்யா. அதான் பிரச்சினையே. என்னைப் பாத்தா எந்திரிச்சு எடம் குடுக்கறான். எதுக்குக் குடுக்கறான்? நானா கேட்டேன்? அவ ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம். வராதுன்னாலும் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா, எனக்கு வராதும்மா, அவன்கிட்டயே கேளுன்னு நானே சொல்லியிருப்பேன்." இதைச் சொல்லி முடித்ததும், அது உண்மைதான் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

எதிர்ப்பக்கத்தில் பதில் இல்லை. அதுக்குத்தான் அப்பவே சொன்னேன் இல்லை. பேசப் பேச உள்ளே ஏதோ இறங்கி லேசாயிற்று. லேசான அந்த இடத்தில் உடனே வேறொன்று ஏறி உட்கார்ந்தது. இத்தனை மாதமாக இவள் இவனிடம் என்னவெல்லாம் சொல்லியிருப்பாள்! எனக்குத் தெரியாதது இவனுக்கு எவ்வளவு தெரியும்! திரையில் இருந்தவனை முறைத்தார். ஒரு விசையைத் தட்டி வாயைத் திரும்ப வைத்தார். உளறுவாயனாக இரு. எடுத்தார். வைத்தார். எடுத்தார்.

வாயோடு அனுப்பிவிட்டு, சரியாக வரவில்லை என்று சொல்லிவிடலாமா? அப்புறம் நடக்கப்போவது கண்முன்னே ஓடியது. அவள் வருத்தப்படுவாள், சகலை இரண்டு நாள் லீவு போட்டுக்கொண்டு இதைக் கற்றுக்கொண்டு வந்து வாயை எடுத்துவிடுவார், மாமியார் கன்னத்தில் கை வைத்து வியப்பார். அதற்கு இதுவே மேல். வாயில்லாதவனை அனுப்பினார். நற்குணத்தால் என்று யாரும் அவரைத் தப்பாக எண்ணிவிடக் கூடாது.

சாயங்காலம் மனைவி படத்தைப் பெரிதாக்கி, வாய் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இதுதாங்க. இவன்தான்."

"ம்."

"இங்க ஒரு வாய் இருந்துச்சுன்னு சத்தியம் பண்ணாக்கூட யாரும் நம்பமாட்டாங்க. எப்படிங்க இவ்வளவு லேசா எடுத்தீங்க?"

"அதுல என்ன இருக்கு. அவரு போட்ட படம். நான் தொடைச்சுவிட்டவன்."

"இந்த வித்தை தெரிஞ்சவரு, வீட்டுல இருக்கற இன்னொண்ணையும் கொஞ்சம் எடுத்துவிட்டா நல்லாயிருக்கும்."

"எதை?" என்றவர், புரிந்ததும் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். அவள் அன்றைக்கு அலுவலகத்தில் நடந்த ஒன்றைச் சொல்லத் தொடங்கினாள். முழுவதும் கேட்டார். இடையில் மூன்று தடவை நாக்கைக் கடித்துக்கொண்டார். மனிதன் ஒரே நாளில் திருந்திவிட்டான் என்று எழுதினால் அது வேறு கிரகத்துக் கதையாகிவிடும். மறுநாள் வழக்கம்போல் பாதியில் வெட்டினார்.

புத்தகம் வந்தது. கட்டைப் பிரித்ததும் அவர் அட்டையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, நேரே உள்பக்கத்துக்குப் போனார். அங்கே சின்ன எழுத்தில் இரண்டு வரி இருந்தன. 'அட்டைப் படம்' என்று போட்டுச் சகலையின் பெயர், இனிஷியலோடு, முழுசாக. அதன் கீழே: 'வாய் நீக்கம்: என் வீட்டுக்காரர்.'

உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து இரண்டு வரியின் எழுத்தளவையும் ஒப்பிட்டார். ஒரே அளவுதான். ஆனாலும்.

"என்னம்மா இது?"

"ஏன், நல்லாயில்லையா?"

"வாய் நீக்கம்! பல் டாக்டர் போர்டு மாதிரி இருக்கு. அவருக்குப் பேரு. எனக்குப் பேருகூட இல்ல."

"அவரு பேரைப் போடலைன்னா அவர் யாருன்னு யாருக்குத் தெரியும்? நீங்க யாருன்னு போட்டிருக்கேனே."

வாதம் சரியாகத்தான் இருந்தது. வயிறுதான் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் அவர் புத்தகத்தை யாரிடமும் காட்டவில்லை. அச்சான எழுத்தில் அவன் மேலே, நான் கீழே. அவன் ஆக்கியவன், நான் நீக்கியவன். அப்படியே நினைத்து நினைத்து மறுகிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை, முக்காலியில் ஓர் இளைஞரை உட்கார வைத்து விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தபோது சகலையிடமிருந்து போன் வந்தது.

"புத்தகம் வந்துச்சுண்ணே. ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார் சகலை. வழக்கமான குரல் இல்லை. உற்சாகத்துக்கு அடியில் ஏதோ வண்டல் படிந்த குரல்.

"சந்தோஷம்."

"உங்க கைவேலை சூப்பர்ண்ணே."

"எல்லாம் நீங்க போட்டதுதானே."

இத்தோடு போனை வைத்துவிடுவார் என்று நினைத்தார். வைக்கவில்லை.

"ஒண்ணு சொன்னா தப்பா நினைக்கமாட்டீங்களே? உள்பக்கம் பாத்தேன். எனக்கு வெறும் பேரு. யாரோ வெளியாளுக்குப் போடற மாதிரி. தங்கச்சி வீட்டுக்காரர்னாவது ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். உங்களுக்கு மட்டும் 'என் வீட்டுக்காரர்'. படிக்கும்போதே எவ்வளவு உரிமையா இருக்கு! இங்க இவ வேற, ரெண்டு நாளா அந்த வரியையே காட்டிக்கிட்டு, அக்கா மாமா மேல எவ்வளவு பிரியம் வெச்சிருக்கா பாருங்கன்னு... எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சுண்ணே."

ஸ்டூடியோக்காரர் விளக்கை விட்டுவிட்டு நின்றார். அந்தக் குரலை அவருக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். ஒவ்வொரு வார்த்தையும் எந்த இடத்தில் புகைகிறது என்று விரல் வைத்துக் காட்டுவார். இத்தனை வருடம் அதோடு ஒரே வீட்டில் குடியிருந்துவிட்டு, இன்றைக்குத்தான் அதை எதிர்வீட்டு ஜன்னலில் பார்க்கிறார். நெஞ்சுக்குள் குளுகுளுவென்று ஏதோ ஓடியது. பாவம், நல்ல மனுஷன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவும் நினைத்தார்.

போனைக் காதிலிருந்து எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, சத்தத்தைக் கடைசிவரை கூட்டி, மேசையின் நடுவில் வைத்தார். முக்காலியில் இருந்தவருக்கும் கேட்கிற மாதிரி கொஞ்சம் அந்தப் பக்கமாகவே நகர்த்தினார்.

"சகலை, இங்க சிக்னல் சரியில்ல" என்றார். "அந்த 'என் வீட்டுக்காரர்'னு ஏதோ சொன்னீங்களே, அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க."